அடுத்தடுத்துக் கரு கலைந்தால்: எப்போது காரணம் தேடுவது?

உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு ஏறத்தாழ 15 தானாகவே கலைகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள். ஒருமுறை கலைவது பெரும்பாலும் தற்செயல். மறுபடியும் கலையும்போதுதான் காரணம் தேடும் கேள்வி எழுகிறது.

நம்பிக்கை: பஸ்ஸில் குலுங்கியதால் கலைந்தது.

உண்மை: ரத்தம் படுவதற்குப் பல நாள் முன்பே கருவின் வளர்ச்சி நின்றிருப்பது வழக்கம். அன்று போன பஸ் பயணத்தின் மேல் பழி போடுவதில் பொருளில்லை.

நம்பிக்கை: மூன்று முறை கலைந்தபிறகே சோதனை.

உண்மை: இது பழைய கணக்கு. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இரண்டு இழப்புகளையே எல்லையாக வைத்தது. பிரிட்டன் 2023-இலும் மூன்றை விடவில்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் இரண்டிலேயே சோதிக்க இடம் தருகிறது. 10 வாரம் தாண்டி, குறையின்றி வளர்ந்த சிசு வயிற்றிலேயே இறந்திருந்தால், ஒரு முறையே ஆனாலும் ரத்த உறைவுக் கோளாறைத் தேடலாம்.

நம்பிக்கை: குறை பெண்ணிடம்தான்.

உண்மை: தொடக்கத்தில் கலையும் கருக்களில் பாதியளவுக்குக் கருவின் குரோமோசோம் பிழையே காரணம். திரும்பத் திரும்ப இழக்கும் தம்பதியரில் 100-க்கு 2 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவரது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அது கணவராகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: டார்ச் டெஸ்ட் (சில தொற்றுகளுக்கான ரத்தச் சோதனை) எடுத்தால் காரணம் தெரிந்துவிடும்.

உண்மை: அது பெரும்பாலும் என்றோ வந்துபோன தொற்றின் தடத்தையே காட்டும். அடுத்தடுத்த இழப்புக்கு அது விடையல்ல. பயனுள்ளவை: ரத்த உறைவுக் கோளாறைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தச் சோதனை, தைராய்டு, சர்க்கரை, கருப்பையில் தடுப்புச்சுவர் உண்டா எனக் காட்டும் 3டி ஸ்கேன். ஆன்டிபாஸ்போலிப்பிட் முதலில் பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தே உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தரப்படும்.

நம்பிக்கை: சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் இனிக் குழந்தை இல்லை.

உண்மை: ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. அவர்களில் பெரும்பாலோர், தனிச் சிகிச்சை இல்லாமலே பிறகு குழந்தை பெறுகிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது தாயி கார்டு (கர்ப்பகாலப் பதிவு அட்டை), பழைய ஸ்கேன் அறிக்கைகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்: எத்தனையாவது வாரத்தில் கலைந்தது, இதயத்துடிப்பு தெரிந்ததா என்பவையே எந்தச் சோதனை தேவை என்று முடிவு செய்யும். கலைந்த திசுவில் குரோமோசோம் பார்ப்பதானால் அதைச் சலைனில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் செல்கள் செத்துவிடும்.