கன்டென்சர் இல்லாமல் ட்யூன் ஆகுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வக அலமாரியில் மர உருளை மேல் கம்பி சுற்றிய பழைய கருவி ஒன்று கிடக்கிறது. மேலே பித்தளைத் தண்டில் ஒரு தொடுமுனை நகர்கிறது. ‘டியூனிங் காயில்’ என்று சீட்டு. கன்டென்சரைக் காணோம். பிறகு எப்படி ட்யூன் செய்தார்கள்?

பதில்: முதலில் அது ரியோஸ்டாட் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், சீட்டு மாறி ஒட்டப்படுவது ஆய்வகங்களில் சகஜம். ரியோஸ்டாட்டில் மின்தடைக் கம்பி பீங்கான் குழாய் மேல் இருக்கும். மரத்திலோ அட்டையிலோ எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றியிருந்தால் சீட்டு சரி.

கன்டென்சர் இல்லாமல் இல்லை, கூரைக்கு மேலே இருந்தது. ஏரியல் கம்பி ஒரு தகடு, பூமி மற்றொன்று. அதன் கொள்ளளவை 200 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். கப்பல்கள் பேசிய 600 மீட்டர் அலையைப் பிடிக்கச் சுமார் 500 மைக்ரோஹென்றி வேண்டும். 300 மீட்டருக்கு அதில் கால்வாசி போதும். ஏரியலை மாற்றுவது லேசில்லை. அதனால் தொடுமுனையை நகர்த்திச் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்தார்கள்.

உங்கள் சுருளை உற்றுப் பாருங்கள்: தொடுமுனை ஓடும் பாதையில் மட்டும் எனாமல் சுரண்டப்பட்டு, செம்பு ஒரே கோடாக மின்னும். வில்லங்கமும் அங்கேதான். முனை அகலமாக இருந்தால் பக்கத்துச் சுற்றையும் சேர்த்துத் தொடும். அந்த ஒரு சுற்று ஷார்ட் ஆகி, வந்த கொஞ்சநஞ்ச மின்சாரத்தையும் வெப்பமாக்கிவிடும். பேட்டரி இல்லாத கிறிஸ்டல் ரிசீவரில் இது பெரிய நஷ்டம்.

ஏரியலுக்கு ஒன்று, டிடெக்டருக்கு ஒன்று என இரண்டு தொடுமுனை வைத்த சுருள்களும் உண்டு. அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது ‘லூஸ் கப்ளர்’. அதில் ஒரு சுருளுக்குள் இன்னொன்று புகுந்து வெளிவரும். உள்சுருளை வெளியே இழுக்க இழுக்கச் சத்தம் குறையும். ஆனால் அடுத்தடுத்த நிலையங்கள் தனித்தனியே பிரியும். எனக்குப் பிடித்தது இதுதான்.

இப்படி அலைநீளத்தை ஒத்திசைக்கும் யோசனைக்கு ஆலிவர் லாட்ஜ் 1897-இல் காப்புரிமை கோரினார். மார்க்கோனியின் புகழ்பெற்ற 7777-ஆம் எண் காப்புரிமை 1900-இல்தான் வந்தது. அதன் அமெரிக்க வடிவத்தின் முக்கியக் கோரிக்கைகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943-இல் செல்லாதென்றது. லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோர் முந்திக்கொண்டார்களாம்!

துடைக்கும்போது உப்புத்தாள் வேண்டாம். செம்புத்தூள் சுற்றுகளுக்கு இடையே இறங்கினால் எல்லாம் ஷார்ட். மெல்லிய பிரஷ் போதும்.