மாடிப்படியில் மூச்சு வாங்குகிறதா? நுரையீரலைக் குறை சொல்லாதீர்கள்!

"டாக்டர், ரெண்டு மாடி ஏறினாலே இரைக்குது. நுரையீரல் வீக்கா இருக்குமோ? ஏதாவது நல்ல லேகியமா குடுங்களேன்!"

நாற்பதைத் தாண்டிய குடும்பத் தலைவிகளும், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவர்களது கணவன்மார்களும் வைத்தியர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இவர்களில் பலருக்கு ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் நுரையீரல் சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இருக்காது. பிறகு ஏன் இரைக்கிறது? மூச்சை வாங்கும் இடம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் செலவழிக்கும் இடம் சோம்பிக் கிடக்கிறது. அந்த இடம் உங்கள் தொடையிலும் கெண்டைக் காலிலும் உள்ள தசை.

மூச்சு என்றதும் நமக்கு மூக்கும் நெஞ்சும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே நடப்பது வெறும் கொள்முதல். உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும் காற்றில் ஏறக்குறைய 16 பங்கு. நடுவில் குறைந்த அந்த ஐந்து பங்கை இரத்தம் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு செல்லின் வாசலிலும் இறக்குகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணிய உறுப்புகள் உண்டு. அவைதான் அடுப்பு. நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்த சர்க்கரையும் கொழுப்பும் விறகு. பிராணவாயுவைக் கொண்டு அந்த விறகை எரித்து, ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளைத் தயாரிக்கின்றன. கரியமில வாயுவும் தண்ணீரும் கழிவாக வெளியேறும். இதற்குப் பெயர் செல் சுவாசம்.

சித்த வைத்தியருக்கு மைட்டோகாண்ட்ரியாவோடு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். எங்கள் கல்லூரியில் நாடி பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள், உடலியங்கியல் பரீட்சையும் வைத்தார்கள்! உடம்பு முழுக்கப் பரவி வேலை செய்கிற வாயுவாக எங்கள் நூல்கள் வியானனைச் சொல்கின்றன. அதை வைத்துக்கொண்டு, சித்தர்கள் அன்றைக்கே மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்குகிற ஆள் நான் இல்லை.

படி ஏறும்போது என்ன நடக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நிமிஷத்துக்குச் சுமார் 200 மில்லி பிராணவாயு போதும். மாடி ஏறினால், வேகத்தைப் பொறுத்து இந்தத் தேவை நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை எகிறும். தசையில் ஏ.டி.பி. கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் வரும். உடனே புதிதாகத் தயாரித்தாக வேண்டும். இரத்தம் வேகமாக ஓடி வந்து அடுப்பு முழுதாகப் பற்றிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை தசை, பிராணவாயு இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கிறது. சமாளிப்புதான், லாபமில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இப்படி உடைத்தால் இரண்டே இரண்டு ஏ.டி.பி. அதையே மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால் முப்பதுக்கு மேல் கிடைக்கும்.

பாதி எரிந்த அந்தச் சர்க்கரைக்குத்தான் லாக்டேட் என்று பெயர். "லாக்டிக் அமிலம் என்ற விஷம் தசையில் தேங்குவதால்தான் மறுநாள் உடம்பு வலிக்கிறது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தவறு. விறகடுப்பில் பாதி எரிந்த கட்டையைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக எடுத்து வைப்பார்களே, இஸ்திரிப் பெட்டிக்கு ஆகுமென்று? லாக்டேட் அந்தக் கரி மாதிரி. இருதயம் அதை வாங்கி எரித்துக்கொள்ளும். கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்கித் தரும். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற தம்பதி கண்டு சொன்ன சுழற்சி இது. இருவரும் 1947-ல் நோபல் பரிசு பெற்றார்கள். உடற்பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய காயத்தால் வருவது. இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகும்.

ஆனால் மூச்சு வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. லாக்டேட் உண்டாகிற வேகத்தில் அமிலமும் சேருகிறது. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை அடக்கும்போது கூடுதலாகக் கரியமில வாயு கிளம்புகிறது. "இதை வெளியேற்று" என்று மூளை உத்தரவு போடுகிறது. நெஞ்சு படபடவென்று ஏறி இறங்குகிறது. அடுப்பு சின்னதாக இருந்தால் இந்த நிலை முதல் மாடியிலேயே வந்துவிடும். பெரிதாக இருந்தால் மூன்றாம் மாடி வரை பேசிக்கொண்டே போகலாம். அதே எடை, அதே படிகள், செலவாகும் பிராணவாயுவும் கிட்டத்தட்ட அதேதான்!

அடுப்பைப் பெரிதாக்க முடியுமா?

முடியும். 1967-ல் அமெரிக்காவின் ஜான் ஹொல்லோசி என்ற விஞ்ஞானி எலிகளைச் சில வாரங்கள் ஓடும் பட்டையில் ஓடவிட்டுப் பார்த்தார். அவற்றின் தசைகளில் செல் சுவாசத்துக்கான நொதிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. மனிதர்களிடமும் தசையின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து இந்த வளர்ச்சியைப் பார்த்துவிட்டார்கள். தினமும் நடக்கும்போது, "கையிருப்பு தீர்கிறது, உற்பத்தி போதவில்லை" என்ற செய்தி செல்லின் உட்கருவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடுகிறது. தசையைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. இருதயமும் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. நுரையீரல் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. அது முன்பே தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது!

"பிராணாயாமம் பண்றேனே, பத்தாதா?" என்று கேட்பார்கள். பிராணாயாமம் நல்லது. மனம் அடங்கும், இரத்த அழுத்தத்துக்கும் உதவும். ஆனால் ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் பிராணவாயு சும்மா இருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவது? அடுப்பைப் பெரிதாக்குவது தசையின் உழைப்பு ஒன்றுதான். லேகியமும் அந்த வேலையைச் செய்யாது. லேகியம் கொடுக்கிற நானே சொல்கிறேன்!

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. சாதாரணமாக இரத்தச் சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலின் என்ற சாவி வேண்டும். தசை சுருங்கி விரியும்போது அந்தச் சாவி இல்லாமலே கொல்லைப்புறக் கதவு திறக்கிறது. உண்ட பின் சிறிது நடப்பதைத் தேரையர் பிணியணுகா விதியில் வைத்திருக்கிறார். சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது பையில் கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட வேண்டும்.

எல்லா இரைப்பும் சோம்பல் இல்லை

வீட்டில் அம்மாவுக்கு இரைக்கிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை. பிராணவாயுவைச் சுமக்கும் வண்டி இரும்பால் ஆனது. மைட்டோகாண்ட்ரியாவின் சில நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். வண்டியும் குறைவு, அடுப்பும் மந்தம் என்றால் நடந்து என்ன பயன்? வெளுத்த கண்ணும் நகமும் கொண்ட பெண்ணை, "நீ வாக்கிங் போறதில்லை, அதான்" என்று கணவரோ மாமியாரோ குற்றம் சொல்வது எனக்குக் கோபம் வரவழைக்கும். அன்னபேதிச் செந்தூரமோ ஆங்கில மருத்துவரின் இரும்பு மாத்திரையோ, வைத்தியர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடும் அது முடிந்த கையோடும் காபி, டீ வேண்டாம். அவை இரும்பைச் சேரவிடாது.

படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், நடந்தால் நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம் — இவை இருந்தால் நடைப்பயிற்சியைத் தொடங்காமல் நேரே இருதய மருத்துவரிடம் போங்கள். நாட்டு மருந்து கேட்டு என்னிடம் வரவேண்டாம்.

மற்றவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. எந்த வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அடுப்படியில் நின்று சமைப்பது கால் வலியைத் தரும், இந்தக் கணக்கில் சேராது. குனிந்து வீடு முழுக்கத் துடைத்து மூச்சு கொஞ்சம் ஏறினால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வாரம் பழகியபின், ஒரு நிமிஷம் விறுவிறுப்பு, இரண்டு நிமிஷம் நிதானம் என்று மாற்றி மாற்றி ஐந்தாறு முறை நடந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். சர்க்கரை விஷயத்தில் நடையின் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும்.

வளர்ந்த அடுப்பு, உபயோகிக்காவிட்டால் சில வாரங்களில் சுருங்கிவிடும். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களும், கல்யாணம், தீபாவளி என்று ஊருக்குப் போய் இரண்டு வாரம் நடையை விட்டவர்களும் திரும்பிய அன்றே பழைய தூரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பாதித் தூரத்தில் ஆரம்பித்து, நான்கைந்து நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போங்கள்.