செம்புக் குடமும் மயில்துத்தமும்: குளத்துக்கு எது ஆபத்து?

சில ரசாயன டின்களில், சிவப்புக் கட்டத்துக்குள் பட்டுப்போன மரமும் செத்த மீனும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. 'நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்து' என்று பொருள். உலோகப் பொருட்களுக்கு இந்த அடையாளம் தேவையா இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

செம்பையே எடுத்துக்குவோம். வீட்டில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறோம். தோட்டத்தில் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் சேரும் மயில்துத்தத்திலும் இருப்பது செம்புதான். ஆனால் குடத்திலிருந்து செம்பு மிக மெதுவாகத்தான் கரையும். மயில்துத்தம் போட்டவுடனே கரைந்துவிடும். மீனைப் பெரும்பாலும் பாதிப்பது இப்படிக் கரைந்து வரும் பகுதிதான். அதனால் அதைத்தான் அளக்கணும்.

இதற்கான சோதனை முறையை ஓ.இ.சி.டி. அமைப்பு 2001-ல் வெளியிட்டது. ஒரு லிட்டர் நீருக்கு 1, 10, 100 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் உலோகத்தைப் போட்டு, 7 நாள் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். நாள்பட்ட பாதிப்பை அறிய, 1 மில்லிகிராம் அளவில் 28 நாள். இடையிடையே நீரை எடுத்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கரைந்த உலோகத்தை மட்டும் கருவியில் அளப்பார்கள். நீரின் பி.எச். அளவு மாறினால் கரைவதும் மாறும். அதனால் எந்த பி.எச்.-ல் அதிகமாகக் கரைகிறதோ அதைத்தான் கணக்கில் எடுப்பாங்க.

துகளின் அளவும் முக்கியம். 1 செ.மீ. கனசதுரத்தை 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால், எடை அதேதான். தண்ணீர் படும் பரப்பு 10 மடங்காகிவிடும். கட்டியைவிடப் பொடி ஆபத்தாவது இதனால்தான்.

இந்தச் சோதனைக்காக மீனைக் கொல்ல வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். மீன், பாசி, டாஃப்னியா என்ற சிறு நீருயிரி ஆகியவை எந்த அளவில் சாகும் அல்லது முடங்கும் என்ற பழைய தரவுகளோடு ஒப்பிட்டாலே போதும்.

நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்னீரில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே டாஃப்னியா தாங்காது. செம்பு மீனின் செவுளில் உப்புச்சத்து உள்ளே போவதைத் தடுக்கிறது. கடின நீரில் இந்தப் பாதிப்பு கொஞ்சம் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 100 கிராம் மயில்துத்தத்தில் சுமார் 25 கிராம் செம்பு. அதை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாக நீர்க்கச் செய்ய 1,25,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் பத்துக்கும் மேல்! மருந்து அடித்த தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீங்க என்று சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் ஊர்க் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தால் போனில் படம் எடுங்க. இடம், நேரம், நீரின் நிறத்தைக் குறித்துக்கொண்டு முதல்வரின் உதவி எண் 1100-ல் சொல்லுங்க. மீனையோ நீரையோ வெறுங்கையால் தொட வேண்டாம்.