கஞ்சாவும் மார்ஃபினும்: சட்டம் சொல்வது என்ன?



"புள்ள கஞ்சாவால புழல் ஜெயில்ல இருக்கான். இப்ப அப்பனுக்கும் போதை கொடுக்கச் சொல்றீங்களே, ஐயா?"

திருவொற்றியூர்த் தாயார் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வாய்ப்புற்று முற்றி, வலியால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை வாங்க அந்த அம்மா மறுத்துவிட்டார்.

கேள்வியில் நியாயம் உண்டு. மகனைப் பிடித்ததும் தகப்பனின் மருந்தை ஆளுகிறதும் ஒரே சட்டந்தான்: 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். அதன் 8-ஆம் பிரிவு கஞ்சா, அபின், மார்ஃபின் யாவற்றையும் தடுத்து, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும் வழி விடுகிறது.

கஞ்சாவுக்கு அந்த வழி மிகக் குறுகல். பொட்டலம் வைத்திருப்பவன் "வலிக்கு மருந்து" என்று சொல்லித் தப்ப முடியாது. 1 கிலோவுக்குக் குறைந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. இந்த மகனிடம் இருந்தது 2 கிலோ. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், 64-ஏ பிரிவு அவனை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. வாலிபப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ஃபின் கதை வேறு. மருந்துக்கான அபினை லைசென்ஸோடு விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆயினும் 1985-க்குப் பின் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கப் பல லைசென்ஸுகள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும். பல இடங்களில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். நான் இளம் போதகனாயிருந்த நாட்களில் கதறும் நோயாளியின் கட்டிலருகே ஜெபித்துவிட்டு, வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றதுண்டு. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடியபின், 2014-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு இப்போது ஒரே அனுமதி போதும்.

ஆண்டவர் சிலுவையண்டையில் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை மறுத்தாரே என்று சிலர் கேட்பார்கள் (மாற்கு 15). மறுத்தார், ஆனால் கொடுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீதிமொழிகள் 31-ஐயும் வாசியுங்கள். ராஜாக்களுக்கு மதுபானம் தகாது என்கிற அதே அதிகாரம், சாகக் கிடக்கிறவனுக்கு அதைக் கொடுக்கச் சொல்கிறது.

இவையெல்லாம் அந்த அம்மாவுக்குப் பிரசங்கமாகவே பட்டிருக்கும். நர்ஸ் சொன்னதுதான் எடுபட்டது: நாலு மணிக்கு ஒருதரம், டாக்டர் சொன்ன அளவு மட்டும், மலச்சிக்கலுக்குக் கூடவே ஒரு மருந்து. மூன்றாம் நாள் அவர் படுத்துத் தூங்கினார்.

மாத்திரைகளை அம்மா பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்து, தினமும் எண்ணினார். மகனின் சிநேகிதர் வீட்டுக்கு வருவார்களாம். கணவரை அடக்கம் பண்ணிய நாலாம் நாள் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மீதி பதினொன்று. மருந்தகத்தில் எண்ணி, பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.