கரி அடுப்பில் பூஞ்சை: நெருப்பு மூட்டும் முன் அறிய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு வாரத்தில், பென்னலூரை அடுத்த சிற்றூரிலிருந்து ஐம்பத்தைந்து வயதுடைய ஒருவர் இருமலும் மூச்சிரைப்பும் மிகுந்து என்னிடம் வந்தார். சிறுநீரகக் கோளாறுக்காகச் சில மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு, வீட்டில் ஓய்வில் இருந்தவர். ஆலையில் பணிபுரியும் அவருடைய மகன், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நண்பர்களை அழைத்திருந்தார். மொட்டை மாடியில் இரண்டு மாதங்களாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த கரி அடுப்பைத் திறந்தபோது, கம்பி வலை முழுவதும் வெண்மையும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், நான் சுரண்டித் தருகிறேன்" என்று தந்தையே முன்வந்தார். ஒரு மணி நேரம் உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்தார். மறுநாள் மூச்சிரைப்பு தொடங்கியது.

அந்த அடுப்புதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. மழைக்காலத்தில் மூச்சிரைப்புக்குக் காரணங்கள் பல உண்டு. சில நாள் சிகிச்சையில் அவர் நலமடைந்தார். ஆயினும் அவருடைய மனைவி கேட்ட கேள்வி என் மனத்தில் நின்றது: "தணல் போட்டால் எல்லாம் எரிந்துபோகும்தானே, டாக்டர்? அதில் என்ன ஆபத்து?"

கேள்வி நியாயமானதே. நெருப்பு பூஞ்சையைக் கொல்லும். ஆனால் நோயாளிக்கு நேரக்கூடிய பெருந்தீங்கு, நெருப்பு மூட்டிய பின் வருவதன்று. மூட்டுவதற்கு முன், உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டும்போது வருவது.

பூஞ்சை ஏன் அங்கே வளர்கிறது?

நம் பகுதியில் திறந்தவெளியில் இறைச்சி சுட்டு உண்ணும் வழக்கம் பெருகியுள்ளது. கார் ஆலைகளை ஒட்டிக் குடியேறிய கொரிய நாட்டவர் இறைச்சியைத் தணலில் சுட்டு உண்பர்; பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் கரி நெருப்பில் லிட்டி சுடுவர்; நம் இளைஞர்கள் விடுமுறை நாளில் மாடியில் கோழி வாட்டுவர். அடுப்பு எதுவாயினும், விருந்து முடிந்ததும் அதில் மூன்று பொருள்கள் தங்கிவிடுகின்றன: கம்பியில் ஒட்டிய கொழுப்பு, மசாலாவின் எச்சம், அடியில் சாம்பல். முதலிரண்டும் பூஞ்சைக்கு உணவு. சாம்பலும் மிச்சக் கரியும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. உணவு, ஈரம், வெதுவெதுப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் பூஞ்சை தழைப்பதில் வியப்பில்லை.

சுரண்டும்போது நேர்வது என்ன?

பூஞ்சை தன் இனத்தை வித்துகளால் பெருக்குகிறது. நம் சூழலில் எங்கும் காணப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகையைச் சேர்ந்த பூஞ்சைகளுள் ஒன்றின் வித்து, ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரான் அளவே உடையது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்ரான். இவ்வளவு நுண்ணியதாகையால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்றுவிடும். உலர்ந்த தூரிகையால் தேய்க்கும்போது இத்தகைய வித்துகள் பெருந்திரளாகக் காற்றில் எழுகின்றன.

நலமுடையவர் உடலில் எதிர்ப்பாற்றல் அவற்றை அழித்துவிடும். ஆனால் கீழ்க்காண்போர் அப்பணியில் ஈடுபடவும் கூடாது. அது நடக்கும் இடத்தில் இருக்கவும் கூடாது:

• ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வோர்
• புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர்
• சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர்
• சர்க்கரை நோய் கட்டுக்குள் வராதோர்
• ஆஸ்துமா உடையோர், காசநோயால் நுரையீரலில் வடு ஏற்பட்டோர்

"இது கருப்புப் பூஞ்சையா?"

2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது மியூகோர்மைகோசிஸ் என்னும் நோய் பரவலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதனைக் "கருப்புப் பூஞ்சை" என்று மக்கள் அழைத்ததால், சுவரிலோ அடுப்பிலோ கரிய படலத்தைக் கண்டாலே அஞ்சுவோர் உளர். அந்நோயில் கருமை என்பது பூஞ்சையின் நிறமன்று; இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழிந்த திசுவின் நிறம். எனவே நிறத்தைக் கொண்டு ஆபத்தை அளவிட வேண்டா. பச்சையோ வெண்மையோ கருமையோ, துப்புரவு முறை ஒன்றே.

நெருப்பால் முடியாதது

சில பூஞ்சைகள் நச்சுப் பொருளையும் உண்டாக்குகின்றன. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் சில சிற்றூர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் நூறு பேருக்கு மேல் கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தனர். அஃப்ளாடாக்சின் என்னும் அந்நச்சு, வழக்கமான சமையல் வெப்பத்தில் முற்றிலும் அழிவதில்லை. அடுப்புக் கம்பியில் படிந்த பூஞ்சையால் அத்தகைய பேரிடர் நேரும் என்று நான் கூறவில்லை. உண்ணும் தானியம் வேறு, கம்பியில் படிந்த எச்சம் வேறு. எனினும் பாடம் ஒன்றே: பூஞ்சையைக் கொல்வது வேறு, அகற்றுவது வேறு. முதலில் கழுவி அகற்ற வேண்டும், பிறகே நெருப்பு.

துப்புரவு செய்யும் முறை

1. நோயாளியை வீட்டினுள் அமரச் செய்து, மாடியை நோக்கிய கதவையும் சன்னல்களையும் மூடுக. பணியை நலமுடைய ஒருவர், காற்றோட்டமான வெளியிடத்தில் செய்க.

2. என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணிக. துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

3. அடுப்பு முற்றிலும் ஆறியிருப்பதை உறுதி செய்தபின், சோப்பு நீரைத் தெளித்துப் பூஞ்சையை நனைக்க. பத்து நிமிடம் ஊறட்டும். நனைந்த பூஞ்சையிலிருந்து வித்துகள் எளிதில் பறப்பதில்லை. இம்முறையின் உயிர்நாடி இதுவே.

4. பழைய சாம்பலையும் மிச்சக் கரியையும் நனைத்து, பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. ஈரச் சாம்பல் காரத்தன்மை உடையது, வெறுங்கையால் தொடற்க. பூஞ்சை பிடித்த மூங்கில் குச்சிகளையும் மரக் கரண்டிகளையும் எறிந்துவிடுக. மரத்தினுள் ஊடுருவியதைக் கழுவிப் போக்க இயலாது.

5. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டு, தேங்காய் நாரால் தேய்க்க. கம்பித் தூரிகையைத் தவிர்ப்பது நன்று. அதிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி இறைச்சியில் ஒட்டி, தொண்டையிலும் குடலிலும் தைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

6. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கற்க. வினிகரையும் அதனுடன் சேர்க்கற்க. அவற்றிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். அடுப்புக்குச் சோப்பும் வெந்நீரும் வெயிலுமே போதும்.

7. நல்ல நீரில் அலசி, வெயிலில் முழுதும் உலர்த்துக. பின்னர் புதுக் கரியிட்டு, உணவு எதுவும் வைக்காமல் இருபது நிமிடம் நன்கு கனலவிடுக. ஆறியபின் ஈரத்துணியால் துடைத்து, தோசைக்கல்லுக்குத் தடவுவதுபோல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுக.

எரிவாயு அடுப்பாயின், பர்னரின் துளைகளில் நீர் புகாமல் துடைக்க. மீண்டும் பற்றவைக்கும் முன் குழாயின் இணைப்பில் சோப்பு நீரைத் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு என்று பொருள். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

மீண்டும் வராமல் காக்க

• ஒவ்வொரு முறையும் அடுப்பு இளஞ்சூடாக இருக்கும்போதே கம்பியைத் துடைக்க. சாம்பலை நன்கு ஆறவிட்டு, மறுநாளே அகற்றுக.
• ஈரம் இருக்கும்போது மூடற்க. உறையின் அடியில் காற்றுப் புக இடம் விடுக. அடுப்பைச் செங்கல் மீது உயர்த்தி வைக்க.
• அடுப்புக்கரியை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க.
• அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடுப்பைக் கூரையுள்ள இடத்திற்கு மாற்றுக. பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க.

ஒன்றை மட்டும் மறவாதீர். மழை பெய்கிறது என்று கரி அடுப்பை வீட்டினுள்ளோ மூடிய அறையிலோ கொளுத்தற்க. கரி எரிகையில் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே இறக்க நேரிடும்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

மேற்கூறிய பட்டியலில் உள்ள ஒருவர் பூஞ்சைத் தூசியை நுகர்ந்திருந்து, அவருக்குக் காய்ச்சல், நிற்காத இருமல், சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் வருக. ஒரு பக்க முகவலி, முகவீக்கம், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியன சர்க்கரை நோயாளிக்குத் தோன்றினால் அது அவசர நிலை, அன்றே வருக. உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் கொண்டுவருக. பூஞ்சையைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் நீங்களே கூறுக. அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம். ஸ்டீராய்டு மாத்திரையை அச்சத்தால் தாமாக நிறுத்துவது பெருந்தீங்கு விளைவிக்கும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

ஓய்வில் இருப்பவர் "நானும் ஏதேனும் செய்கிறேன்" என்று கேட்பது இயல்பு. பிறருக்குப் பாரமாக இருக்கிறோமோ என்னும் வருத்தம் அதில் உண்டு. அதனால் உட்கார்ந்தபடி செய்யும் எளிய வேலை என்று எண்ணி, அடுப்பைச் சுரண்டுதல், ஏர்கூலரின் புல்லைத் தட்டுதல், பரணிலுள்ள பழைய சாக்கை உதறுதல் போன்றவற்றை அவரிடம் தருகிறோம். உடலுழைப்பில் எளியதாகத் தோன்றும் இவ்வேலைகளே அவருடைய நுரையீரலுக்கு மிகக் கடியவை. அவற்றை மறுத்து, வேறொன்றைக் கொடுங்கள்.

நான் கூறிய அந்த அன்பர் பின்னர் மறுபரிசோதனைக்கு வந்தபோது, வீட்டில் மீண்டும் விருந்து நடந்ததாகக் கூறினார். மகன் மாடியில் அடுப்பைக் கழுவ, இவர் வீட்டினுள் அமர்ந்து, நான் எழுதிக் கொடுத்த படிகளைக் கைபேசி வழியே ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாராம். "ஒரு படியும் விடவில்லை, டாக்டர்" என்றார் பெருமையுடன்.