பன்றித் தீவனத்தில் நார்ச்சத்து: மரச்சீனித் தோலும் தவிடும்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தென்கோடியிலுள்ள பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் களியக்காவிளை. எல்லையின் இருபுறமும் தென்னையும் வாழையும் மரச்சீனியுமே மிகுதி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். கிழங்கு மனிதருக்கு உணவாயிற்று. தோலும் இலையும் பன்றிக்கு ஆகுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இக்கேள்வி இன்று அவசரமானது. கேரளப் பன்றி வளர்ப்போர் பலர் உணவு விடுதிக் கழிவுகளையே நம்பியுள்ளனர். 2022-இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டது. இந்நோய்க்கு மருந்தில்லை, வேகவைக்காத இறைச்சிக் கழிவு அதைப் பரப்பும் வழிகளுள் ஒன்று. பயிர்க் கழிபொருள்களில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆனால் அவற்றில் நார் மிகுதி.

பன்றி அசைபோடும் பிராணி அன்று. நார்ப்பொருள் அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் ஓரளவே சிதைந்து ஆற்றல் தருகிறது. எனவே நார் மிகுந்தால் குட்டிகளின் வளர்ச்சி குன்றும். சினைப்பன்றிக்கோ அதே நார் வயிறு நிறைவைத் தந்து, மலச்சிக்கலையும் தவிர்க்கும்.

மரச்சீனித் தோலிலும் இலையிலும் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்தினால் அதன் பெரும்பகுதி நீங்கும். பச்சையாக அளிப்பது தவறு.

நாரைக் கணக்கிடுவது எளிது. 100 கிலோ கலவையில் மக்காச்சோளம் 40, உலர்ந்த மரச்சீனி 15, தேங்காய்ப் பிண்ணாக்கு 20, தவிடு 15, சோயாப் பிண்ணாக்கு 8, தாது உப்புகள் 2 கிலோ எனக் கொள்வோம். இவற்றின் நாரை முறையே 2.5, 3, 12, 12, 6 சதவிகிதம் என வைத்தால் (தாது உப்பில் நார் இல்லை), மொத்த நார் 1.0, 0.45, 2.4, 1.8, 0.48 சேர்ந்து 6.13 கிலோ. வளரும் பன்றிக்கு இது ஏற்கத்தக்கது. மரச்சீனிக்குப் பதில் அதன் தோலைச் சேர்த்தால் நார் கூடும் என்பதால், தோலைச் சினைப்பன்றிக்கு ஒதுக்குவதே நன்று.

ஆனால் தவிடு எந்த ஆலையுடையது? ஹல்லர் ஆலையில் உமியும் தவிடும் ஒன்றாக அரைபடுகின்றன. அத்தவிட்டின் நார் 25 சதவிகிதமாயின் அதன் பங்கு 3.75 கிலோவாகி, மொத்தம் 8.08-ஐ எட்டும். கலவைச் சீட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. குட்டியின் எடை மட்டும் ஏறாது. உமியின் நாரில் மணற்சத்தும் மரச்சத்தும் மிகுதியாதலால் பெருங்குடலும் அதனைச் சிதைப்பதில்லை. தவிட்டைக் கைப்பிடியளவு எடுத்து மெல்ல ஊதினால் உமி பறக்கும். வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.