பட்டம் எதைச் சொல்கிறது?
பொருளியலில் சமிக்ஞைக் கோட்பாடு: ஓர் அறிமுகம்

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையில் என்ன நடக்கும்? 1970இல் ஜார்ஜ் அகர்லோஃப் இக்கேள்வியைப் பழைய கார்ச் சந்தையை வைத்து ஆராய்ந்தார். காரின் குறை அதன் உரிமையாளருக்குத்தான் தெரியும். வாங்குபவரோ நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாமல் நடுத்தரமான ஒரு விலையையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கு மனம் வரும்? நல்ல கார்கள் விலகிக்கொள்ள, தரம் குறைந்தவையே எஞ்சும்.

வேலைச் சந்தையும் இத்தகையதே. விண்ணப்பிப்பவரின் திறமை முதலாளிக்குத் தெரியாது. ‘நான் திறமைசாலி’ என்று சொல்லச் செலவில்லை என்பதால் எல்லாரும் சொல்வர். எனவே யாரும் நம்பமாட்டார்கள். இதற்கு விடை கண்டவர் மைக்கேல் ஸ்பென்ஸ். கல்வி ஒரு சமிக்ஞையாகச் செயல்பட முடியும் என்று 1973இல் அவர் காட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதனைப் பெறத் திறமையுள்ளவருக்கு ஆகும் செலவு மற்றவருக்கு ஆவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். செலவு என்பதில் பணத்தோடு நேரமும் உழைப்பும் அடங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பட்டதாரிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வருமானம் மொத்தம் 100,000 ரிங்கிட் என்க. ஓராண்டுப் படிப்பின் செலவு திறமையுள்ளவருக்கு 25,000, மற்றவருக்கு 50,000.

முதலாளி ஓராண்டுப் படிப்பு போதும் என்றால் இருவருமே படிப்பர், வேறுபாடு தெரியாது. மூன்றாண்டு என்றால் முதலாமவருக்குச் செலவு 75,000, அவர் படிப்பார். இரண்டாமவருக்கு 150,000, அவர் விலகுவார். ஐந்தாண்டு கேட்டால் முதலாமவருக்கே 125,000 ஆகும்; யாரும் படிக்கமாட்டார்கள்.

படிப்பு யாருடைய திறனையும் உயர்த்தாவிட்டாலும் இக்கணக்கு பொருந்தும் என்பதே இதன் வியப்பு. படிப்பால் திறன் வளர்வதை இக்கோட்பாடு மறுக்கவில்லை. பட்டத்தின் மதிப்பு முழுவதும் அதனால் வந்ததன்று என்றே கூறுகிறது. அகர்லோஃப், ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய மூவரும் 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நம்மைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செலவு திறமையால் மட்டும் வேறுபடுவதில்லை. குடும்ப வசதியாலும் வேறுபடுகிறது. இரவில் பகுதி நேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கும், அக்கவலை இல்லாதவருக்கும் ஒரே பட்டம் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. வசதியின்மையால் படிப்பை நிறுத்தியவரைச் சந்தை ‘திறமை குறைந்தவர்’ என்று தவறாகப் படித்துவிடும். உபகாரச் சம்பளமும் கல்விக் கடனும் இந்தப் பிழையைக் குறைக்கும் வழிகளே.

வேலை தேடப்போகும் நண்பர்களுக்கு இன்னொன்று. வந்தவர் அனைவருக்கும் வழங்கப்படும் பங்கேற்புச் சான்றிதழ், எத்தனை சேர்த்தாலும், சமிக்ஞை ஆகாது. முடிக்கக் கடினமான ஓர் ஆய்வேடு, பொறுப்பேற்று நடத்திக் காட்டிய ஒரு நிகழ்ச்சி போன்று எளிதில் போலி செய்ய முடியாதவற்றையே விண்ணப்பத்தில் முதலில் எழுதுங்கள்.